மூதாதையைத் தேடி: படைப் பட்டியலும் கோயிற் பதிவேடும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

    

விழாக் குழுவினர் 'கல்வியும் நம் சமுதாயமும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்தனர். அப்பொருளை நம்மினும் நன்கு பேச வல்லோர் இம்மேடையிலேயே அமர்ந்திருக்கின்றனர். ஆகவே குழுவினரின் இசைவோடு வேறொன்றைப் பேச வந்துள்ளோம். சென்ற ஆண்டு நம் சங்க நூலகத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு வினா எழுப்பினார். "ஐயா, ஊருக்குள் இருப்பவர்கள் ஏழு தலைமுறைப் பெயரை ஒப்பிக்கிறார்கள். எனக்குத் தாத்தாவின் அப்பா பெயரே தெரியவில்லை. நமக்கென்று வரலாறு இருந்ததா, இல்லையா?" என்றார். முப்பது ஆண்டுகள் வரலாற்றுப் பாடம் நடத்தியும் அவருக்கு அன்று நேரான விடை கூற இயலவில்லை. இன்று கூற முயல்கின்றோம்.

நமக்கு ஏடு எழுதிவைக்க எவரும் இருந்ததில்லை என்பது மெய். ஆனால் நம்மைப் பற்றி எவரும் எழுதவே இல்லை என்பது மெய்யன்று. நம்மைத் தண்டித்தவன் எழுதினான். நமக்குக் கூலி கொடுத்தவன் எழுதினான். நம் தலைகளை எண்ணியவன் எழுதினான். அவ்வெழுத்துகள் நமக்காக எழுதப்பட்டவை அல்ல. எனினும் அவற்றில் நாம் இருக்கின்றோம். இதை விளக்க, நம் நாட்டிலிருந்து வெகு தொலைவில், நம்மைப் போன்றே அடிமைப்பட்டுக் கிடந்த மக்களிடையே தோன்றிய ஒரு மனிதரின் கதையைச் சொல்வோம். அவர் ஒரு கைதி. பின்னர் ஒரு சிப்பாய். அவருடைய வழித்தோன்றல்கள் இன்று ஆஸ்திரேலியாவில் வாழ்கின்றார்கள்.

அவர் பெயர் ஜான் ராண்டால். அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியைச் சேர்ந்த நியூ ஹேவன் அவருடைய ஊர் என்று ஆய்வாளர் கொள்கின்றனர். நிறத்தால் கறுப்பர். 1775ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆங்கிலேயரை எதிர்த்துப் போர் தொடுத்தபோது, வர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர் பிரபு ஓர் அறிவிப்பு விடுத்தார். கலகம் செய்யும் எசமானர்களை விட்டு நீங்கி மன்னரின் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்பதே அது. கருணையால் பிறந்த அறிவிப்பன்று. எதிரியின் கொல்லையில் தீ வைக்கும் போர்த் தந்திரம். ஆயினும் ஆயிரக்கணக்கானோர் அதை நம்பி ஓடினர். போர் முடிந்து 1783இல் ஆங்கிலேயர் நியூயார்க்கை விட்டுக் கப்பலேறியபோது, தம்மோடு வந்த கறுப்பர் ஏறத்தாழ 3,000 பேருடைய பெயர்களை ஒரு பேரேட்டில் எழுதிக்கொண்டனர். பெயர், வயது, உடல் அடையாளம், முன்னாள் எசமானன் யார் என்பன அதில் வரிசையாக இருக்கும். எதற்காக எழுதினர் தெரியுமா? "எங்கள் உடைமையைக் கொண்டு போகிறீர்கள், ஈடு தருக" என்று அமெரிக்கர் வழக்காடினால் கணக்குப் பார்ப்பதற்காக! மாட்டுக் கணக்குப்போல் எழுதப்பட்ட அந்தப் பேரேட்டில்தான் இன்று அம்மக்களின் பேரன் பேத்திகள் தம் முன்னோரின் பெயரைக் கண்டு கண்ணீர் விடுகின்றனர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போரினால் இன்னொன்றும் நிகழ்ந்தது. அதுவரை இங்கிலாந்து தன் குற்றவாளிகளை அமெரிக்காவுக்கே கப்பலேற்றி வந்தது. போரினால் அவ்வழி அடைபட்டது. சிறைகள் நிரம்பின. தேம்ஸ் ஆற்றில் பாய்மரம் இழந்த பழங்கப்பல்களை நிறுத்தி அவற்றையே சிறைகளாக்கினர். அவையும் நிரம்பிய பின்னரே ஆஸ்திரேலியாவின் பொட்டனி விரிகுடாவுக்குக் கைதிகளை அனுப்புவது என்று முடிவாயிற்று.

ராண்டால் இங்கிலாந்தில் அகப்பட்ட இடம் மான்செஸ்டர். 1785ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அந்நகர நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. களவு போன பொருள் கைக்கடிகாரத்தின் சங்கிலி ஒன்று. பொன் அன்று, வெள்ளியும் அன்று, எஃகுச் சங்கிலி. அதற்கு ஏழாண்டு நாடு கடத்தல். அலெக்சாண்டர் என்னும் கப்பலில் ஏற்றப்பட்டார். பதினொரு கப்பல்களைக் கொண்ட அந்த முதற் கப்பல் அணி 1787 மே மாதம் 13ஆம் நாள் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு, 1788 சனவரியில் ஆஸ்திரேலியக் கரை சேர்ந்தது. அக்கப்பல்களில் வந்த கைதிகளுள் கறுப்பர் பத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். ஆஸ்திரேலியாவைக் கட்டிய முதல் கூட்டத்தில் கறுப்பரும் இருந்தனர் என்னும் செய்தி அந்நாட்டுப் பள்ளிப் பாடங்களில் நெடுங்காலம் இடம்பெறவில்லை. காசாண்ட்ரா பைபஸ் என்னும் வரலாற்றாசிரியை 2006ஆம் ஆண்டில் இவர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

இம்மனிதரைப் பின்தொடர்வது எப்படி? இங்கேதான் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். தேடுவோர் எப்போதும் அறிந்த இடத்திலிருந்து அறியாத இடத்துக்குச் செல்ல வேண்டும். தன்னிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி ஏற வேண்டும். "எங்கள் குலத்தில் ஒரு தளபதி இருந்தாராம்" என்று மேலிருந்து இறங்கி வருகிறவர்கள் பெரும்பாலும் வேறொருவரின் பாட்டனைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். நியூ சவுத் வேல்சில் பிறப்பு இறப்புகளை அரசே பதியும் முறை 1856 மார்ச் முதல் நாள் தொடங்கியது. அதன்பின் இறந்தவர்களின் சான்றிதழில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், குடியேற்றத்தில் வாழ்ந்த ஆண்டுகள் முதலியன கேட்டு எழுதப்பட்டன. அதற்கு முந்திய காலத்துக்குக் கோயிற் பதிவேடே கதி. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என மூன்று. இங்கிலாந்தில் 1538ஆம் ஆண்டிலேயே ஒவ்வொரு பங்குக் கோயிலும் இம்மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. 1754 முதல் மணமக்கள் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும் என்றாயிற்று. எழுதத் தெரியாதவர் ஒரு பெருக்கல் குறி இடுவர். பக்கத்தில் குருவானவர் 'இன்னாருடைய குறி' என்று எழுதுவார். நம் பாட்டன்மாரின் கைநாட்டை எண்ணிப் பாருங்கள். அது இகழத்தக்கதாக நமக்குக் கற்பிக்கப்பட்டது. ஆனால் பத்திரத்தில் அவர்தம் உடல் தொட்ட இடம் அது ஒன்றே.

ராண்டாலுக்கு முதற் சான்று அத்தகையதோர் பதிவேட்டிலிருந்தே கிடைக்கின்றது. கப்பல் அணியோடு வந்த குரு ரிச்சர்டு ஜான்சன், ஆலயம் என்று ஒன்று இல்லாத காலத்திலேயே பதிவேடு எழுதத் தொடங்கிவிட்டார். 1788 பிப்ரவரியில், கரை இறங்கி ஒரு மாதம் ஆகும் முன்னரே, ராண்டாலுக்கும் எஸ்தர் ஹோவார்டு என்னும் கைதிப் பெண்ணுக்கும் திருமணம் பதிவாகியது. அப்பெண் இறந்தபின் 1790இல் மேரி பட்லர் என்பவரை மணந்தார். ஜான்சன் கட்டிய ஆலயம் 1793இல் எழுந்து 1798இல் தீக்கிரையாயிற்று. பதிவேடோ இன்றும் இருக்கின்றது. கட்டிடத்தை விடக் காகிதம் நெடுநாள் வாழ்வது உண்டு, யாராவது அதைக் காத்தால்.

அடுத்த சான்று நிலம். தண்டனைக் காலம் முடிந்தவர்களுக்கு நிலம் வழங்குமாறு ஆளுநர் பிலிப் கட்டளை பெற்றிருந்தார். ஒற்றை ஆளுக்கு 30 ஏக்கர். மனைவி இருந்தால் மேலும் 20. குழந்தை ஒன்றுக்கு 10. ராண்டால் 1792இல் பரமட்டாவுக்கு அருகே 60 ஏக்கர் பெற்றார். அவரோடு அதே அலெக்சாண்டரில் வந்த மற்றொரு கறுப்பர் ஜான் மார்ட்டின் பெற்றது 50. இதை ஐந்தாம் வகுப்புக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ராண்டால் வீட்டில் ஒரு குழந்தை தவழ்கிறது. மார்ட்டின் வீட்டில் தொட்டில் இல்லை. நிலக் கணக்கன் ஏக்கரைத்தான் எழுதினான். குழந்தையின் அழுகுரல் நமக்குக் கேட்கின்றது. மார்ட்டின் பிற்காலத்தில் ராண்டாலின் மகள் மேரியையே மணந்து, பெருங்குடும்பத்துக்குத் தலைவரானார் என்பதையும் இங்கே சொல்லி வைப்போம்.

ஆனால் அந்த அறுபது ஏக்கர் யாருடைய நிலம்? பல்லாயிரம் ஆண்டு அங்கே வாழ்ந்த பூர்வ குடிகளுடையது. அவர்கள் கையில் பட்டா இல்லை. ஆகவே நிலமும் இல்லை என்று வைத்துக்கொண்டார்கள். அடிமைக் குலத்தில் தோன்றிய ஒருவருக்குக் கிடைத்த விடுதலைப் பரிசு, வேறொரு மக்களிடமிருந்து பறித்தது. இதை மறைத்துப் பேசுவது வரலாறாகாது. 1892இல் வழங்கப்பட்ட பஞ்சமி நிலம் எவ்வாறெல்லாம் கைமாறியது என்பதை அறிந்த நமக்கு, நிலத்தின் பதிவேடு எவ்வளவு பேசும், எவ்வளவு மௌனம் சாதிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனிப் படைக்கு வருவோம். ராண்டால் 1800ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். கைதிகளைக் காவல் காப்பதற்காக 1789இல் இங்கிலாந்தில் திரட்டப்பட்ட படை அது. ஆள் பற்றாக்குறையால், தண்டனை முடிந்த கைதிகளையே அதில் சேர்த்துக்கொண்டனர். நேற்று விலங்கு பூண்டவன் இன்று செங்குப்பாயம் பூண்டு காவல் நிற்கிறான்! 1808 சனவரி 26ஆம் நாள் இந்தப் படைதான் ஆளுநர் பிளையின் மாளிகையை நோக்கி அணிவகுத்துச் சென்று அவரைச் சிறைப்பிடித்தது. அதன் விளைவாகவே புதிய ஆளுநர் மக்குவாரி 73ஆம் படைப்பிரிவோடு அனுப்பப்பட்டார். அந்த 73ஆம் படைப்பிரிவு 1799இல் சீரங்கப்பட்டணத்தில் திப்புவை எதிர்த்துப் போரிட்ட அதே படை என்பது இங்குள்ளோர்க்குச் சுவையான செய்தியாக இருக்கும். பழைய படை 1810இல் திரும்ப அழைக்கப்பட்டது. ராண்டால் அவ்வாண்டில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். மனைவி மக்கள் வாழும் மண்ணை விட்டு அவர் கப்பலேறவில்லை.

படைக் காகிதங்களைப் போல் தேடுவோர்க்கு உதவுவன வேறில்லை. அரசு பணம் கொடுக்கும் இடத்தில் எழுத்து துல்லியமாக இருக்கும்! ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் மஸ்டர் ரோலும் சம்பளப் பட்டியும் உண்டு. யார் ஆஜர், யார் மருத்துவமனையில், யார் காவலில், யார் ஓடிப்போனான், யார் இறந்தான் என்பதெல்லாம் அதில் தெரியும். அங்க அடையாளப் பேரேடு என்று ஒன்று உண்டு. உயரம், முகம், மயிர், கண் ஆகியவற்றின் நிறம், பிறந்த ஊர், முன்பு செய்த தொழில் என எழுதுவார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது. இன்று ஒரு பேத்திக்கு அது பாட்டனாரின் நிழற்படம். இராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட சிப்பாய்களின் பேரேடுகள் தனியே இருக்கின்றன. ஓடிப்போன சிப்பாயின் உடலில் 'டி' என்னும் ஆங்கில எழுத்தைக் குத்தும் வழக்கம் 1871 வரை ஆங்கிலப் படையில் இருந்தது. சிப்பாயாக இருந்து கைதியானவரும் உண்டு, கைதியாக இருந்து சிப்பாயானவரும் உண்டு. ஆகவே இரண்டு காகிதக் குவியலையும் ஒருசேரப் புரட்ட வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். ஆங்கிலப் படைகளில் கறுப்பர்களைத் தம்பட்டக்காரர்களாக அமர்த்துவது பெருவழக்காயிருந்தது. 29ஆம் படைப்பிரிவில் 1759 முதல் 1843 வரை கறுப்பரே தம்பட்டம் அடித்தனர். படையில் சாட்டையடி கொடுக்கும் வேலையும் தம்பட்டக்காரனுக்கே உரியது. தோல் கருவியை ஒரு மக்களின் கையில் திணித்து, இழிவான வேலையையும் அதனோடு சேர்த்துக் கட்டிவிடும் கலையை எந்த நாட்டான் எந்த நாட்டானிடம் கற்றான் என்று நமக்கு வியப்பாக இருக்கின்றது.

தேடும் வழியில் வீழ்த்தும் குழிகளும் உண்டு. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதுவார். ராண்டால் என்பதே ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஜான் மார்ட்டின் போன்ற பெயர் தெருவுக்கு ஒன்று இருக்கும். இவர்களைப் பிரித்தறிய அந்நாட்டில் ஓர் அருமையான வழி இருந்தது. கைதி எந்தக் கப்பலில் வந்தாரோ அக்கப்பலின் பெயர் சாகும்வரை அவரை விடாது. 1828ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில், கரை சேர்ந்து நாற்பதாண்டு கழிந்த கிழவருக்கும் பெயருக்கு எதிரே கப்பல் பெயரும் வந்த ஆண்டும் எழுதப்பட்டன. தண்டனை கழித்து விடுதலையானவர், சுதந்திரமாக வந்தவர், குடியேற்றத்திலேயே பிறந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் ஈரெழுத்துக் குறியும் இருந்தது. பிறந்த குழந்தைக்கும் ஒரு முத்திரை! அடுக்கடுக்காய் மனிதரை வைக்கும் கலை நம் நாட்டின் ஏகபோகம் அன்று என்பதை இதனால் அறிகின்றோம்.

வயதையும் நம்பக்கூடாது. இதை வேறு யாரும் சொல்ல வேண்டா, நாமே சொல்வோம். எம் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால் நம் குடியிருப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் சூன் மாதத்திலேயே பிறந்திருப்பார்கள். சேர்க்கை நாளில் தாய், "பெருமழை பெய்த வருசம் பொறந்தான் ஐயா" என்பார். வலக்கையைத் தலைமேல் சுற்றி இடக்காதைத் தொடச் செய்து, ஆசிரியர் ஒரு தேதி போடுவார். அதுவே சான்றிதழில் ஏறி, பணி ஓய்வு வரையில் கூடவே வரும். நூறாண்டு கழித்து ஓர் ஆய்வாளர் அதைப் பார்த்து, 'இச்சமூகத்தார் சூனில் மட்டும் பிள்ளை பெற்றனர்' என்று எழுதினாலும் எழுதுவார்! ஆகவே ஒரே ஏட்டை நம்பி முடிவு கட்டலாகாது. கோயிற் பதிவேடு சொல்வதைப் படைப் பட்டியல் ஆமோதிக்கிறதா, நீதிமன்ற ஏடு மறுக்கிறதா என்று சாட்சிகளை எதிரெதிரே நிறுத்த வேண்டும்.

குழிகளுள் பெரியது வெட்கம். 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,62,000 கைதிகள் ஆஸ்திரேலியாவுக்குக் கடத்தப்பட்டனர். அவர்களின் பிள்ளைகள் அதை மறைத்தனர், பேரப்பிள்ளைகள் மறந்தனர். கைதிகளின் தீவு என்று பெயர்பெற்ற வான் டீமன்ஸ் லாண்டு 1856இல் டாஸ்மேனியா என்று பெயரையே மாற்றிக்கொண்டது. ஒரு நாடே தன் பெயரைக் கொண்டு முகத்தை மூடிக்கொண்டது என்றால், குடும்பங்களைப் பற்றிக் கேட்பானேன்! ராண்டால், மார்ட்டின் வழியினரிடையே இருவேறு மறைப்பு. கைதி என்பதும் மறைந்தது. கறுப்பர் என்பதும் மறைந்தது. வெள்ளையரோடு மண உறவு பல தலைமுறை தொடர்ந்தமையால் நிறமும் வெளுத்தது. கோயிற் பதிவேட்டில் நிறத்துக்கென்று ஒரு கட்டம் இல்லை. ஆகவே பதிவேடும் காட்டிக்கொடுக்கவில்லை.

காலம் மாறியது. முதற் கப்பல் அணியில் வந்தோரின் வழியினர் 1968இல் தமக்கென ஒரு கழகம் கண்டனர். இங்கிலாந்தின் ஆவணக் காப்பகங்களில் இருந்த ஆஸ்திரேலியா பற்றிய ஏடுகளை நுண்படமெடுத்துக் கொண்டுவரும் பணி 1948இல் தொடங்கிச் சுமார் அரை நூற்றாண்டு நடந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட படச்சுருள்கள்! இன்று அவற்றை வீட்டிலிருந்தே கணினியில் பார்க்க இயலும். கைதிகளின் பதிவேடுகளை 2007இல் ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ உலக நினைவுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. எந்த ஏட்டைக் கண்டு தாத்தா நடுங்கினாரோ, அதே ஏட்டைப் பேரன் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிறான்.

நம் கதைக்கு வருவோம். ராண்டால் குடும்பத்தின் பதிவேட்டில் நிறம் எழுதப்படவில்லை. நமக்கோ, எந்த ஏட்டிலும் எது விடுபட்டாலும் சாதி விடுபட்டதில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டிலும் அதற்கு ஒரு கட்டம் உண்டு. கிறிஸ்துவுக்குள் யாவரும் ஒன்று என்று சொல்லித் தண்ணீர் தெளித்த கை, அடுத்த நொடியே அக்கட்டத்தை நிரப்பியது. அதை நினைக்கையில் இன்றும் நெஞ்சு எரிகின்றது. ஆயினும் தேடி வருகிற பேரனுக்கு அந்தக் கட்டமே கைகாட்டி. பீமா கோரேகான் தூணை எடுத்துக்கொள்ளுங்கள். 1818 சனவரி முதல் நாள் போரில் கும்பினியின் பக்கம் மாண்டவர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. சாதி எழுதப்படவில்லை. ஆனால் 'நாக்' என்று முடியும் பெயர்கள் 22 இருந்தன. அவை மகர் வீரர்களின் பெயர்கள். அண்ணல் அம்பேத்கர் 1927 சனவரி முதல் நாள் அத்தூணின் முன்னர் நின்றார். சுபேதார் ஒருவரின் மகனாகிய அவருக்கு அக்கல்லை வாசிக்கத் தெரிந்திருந்தது.

சென்னைப் பட்டாளத்திலும் நம்மவர் மிகுதியாக இருந்தனர். 1780இல் தொடங்கப்பட்ட முன்னோடிப் படை பின்னாளில் சென்னைச் சாப்பர்ஸ் என்று புகழ்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போர்க்குடிகள் என்று சில வகுப்பாரைப் பொறுக்கியெடுத்து, நம்மவர்க்கு அவ்வாயிலை ஆங்கிலேயர் குறுக்கினர். கைதிகளாகவும் நம் நாட்டார் கடல் கடந்தனர். பெங்கூலன், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர், 1858க்குப் பின் அந்தமான். சிங்கப்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டியோர் இந்தியக் கைதிகள். எழும்பூரில் தமிழ்நாட்டு ஆவணக் காப்பகத்திலும், இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் கும்பினி ஆட்சியின் காகிதங்கள் மலைபோல் கிடக்கின்றன. நம் பிள்ளைகள் அங்கே போய் அமர்வதற்கு ஆங்கிலக் கையெழுத்தை வாசிக்கும் பழக்கமும், பொறுமையும், ஒரு விண்ணப்பக் கடிதமும் போதும். நம் சங்கம் அடுத்த ஆண்டில் இரண்டு மாணவர்க்காவது இதற்கென உதவித்தொகை தரலாம் என்பது எமது வேண்டுகோள். பொருளாளர் முறைக்கிறார், எனினும் சொல்லிவிட்டோம்.

இறுதியாக எம் வீட்டுச் செய்தி ஒன்று. எம் பாட்டனாரின் தந்தையை ஊரில் 'பட்டாளத்தார்' என்பர். எம் வீட்டுக்கும் அதுவே பெயர். அவருக்கு ஓர் இளையவர் இருந்தார் என்றும், அவர் 'அக்கரைக்குப் போனவர்' என்றும் அத்தை ஒருத்தி ஒருநாள் வாய்தவறிச் சொன்னார். தந்தையாரிடம் கேட்டபோது, "அந்தப் பேச்சு வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டார். எமக்கு அப்போது பத்து வயது. அதன்பின் கேட்கவில்லை.

எம் குலத்தில் ஒரு கிளை அக்காலத்தில் மிஷன் சபையில் சேர்ந்திருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன், ராண்டாலின் கதையைப் படித்த சூட்டில், அச்சபையின் பழைய ஆலயத்துக்குச் சென்று ஆயரின் அனுமதியோடு பதிவேட்டைப் பார்த்தோம். ஓரங்களைச் செல்லரித்திருந்தது. மூன்றாம் நாள் பிற்பகல் பட்டாளத்தார் கிடைத்தார். குழந்தையின் தந்தை என்னும் கட்டத்தில் அவர் பெயர். தொழில் என்னும் கட்டத்தில் 'பென்ஷன் பெறும் சிப்பாய்'. சாதி என்னும் கட்டம் உங்களுக்குத் தெரியும். அதே பக்கத்தில் நான்கு வரி தள்ளி மற்றொரு குழந்தை. தந்தையின் ஊர் அதே ஊர். தாத்தாவின் பெயரும் அதுவே. தந்தை தற்போது வாழும் இடம் என்னும் கட்டத்தில், அழகான சாய்வெழுத்தில், 'போர்ட் பிளேயர்' என்றிருந்தது.

வீடு திரும்பி, எண்பத்து நான்கு வயதான தந்தையாரிடம் எழுதி வந்ததைப் படித்துக் காட்டினோம். சினந்து கொள்வார் என்று அஞ்சினோம். அவர் சினக்கவில்லை. "பெயரையும் எழுதியிருக்கிறானா?" என்று கேட்டார். ஆம் என்றோம். "படி" என்றார். படித்தோம். அது எம் மூத்த அண்ணனுக்கு அவர் இட்ட பெயர்.